எம்.டி. அறையின் நீளம்

பொன்னூற்று பம்ப்ஸ் கம்பெனியில் எம்.டி.யின் அறை, லீவு லெட்டரில் கையெழுத்து வாங்கப் போகிறவர்களுக்கு நான்கு எட்டு நீளம், மகளின் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர்களுக்கும் நான்கே எட்டு, டீ கொண்டுபோகிற கேன்டீன் பாப்பாத்திக்குக் கால் கொஞ்சம் குட்டை என்பதால் ஐந்து எட்டு. சம்பளம் பேசப் போகிறவர்களுக்கு மட்டும் அது எவ்வளவு நீளம் என்று முப்பத்திரண்டு வருஷமாக யாருக்கும் தெரியாது, ஏனென்றால் கடைசி வரை போனவர்கள் யாரும் இல்லை.

கதவைத் திறந்ததும் எல்லாம் சாதாரணமாகத்தான் இருக்கும். பச்சைக் கம்பளம், சுவரில் கம்பெனியை ஆரம்பித்த பெரியவரின் படம், தலைக்கு மேல் ஒரு மின்விசிறி, எதிரே மேஜை, மேஜைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியோடு எம்.டி. மனசுக்குள் ஒரு தொகையை வைத்துக்கொண்டு முதல் எட்டு எடுத்துவைத்தால் மேஜை ஓர் எட்டு பின்னால் போகும், இரண்டாவது எட்டுக்கு இரண்டு எட்டு போகும், பச்சைக் கம்பளம் நீண்டுகொண்டே வரும், பெரியவரின் படம் முடிந்த இடத்தில் அதே பெரியவரின் இன்னொரு படம் வரும், முதல் மின்விசிறிக்கு அப்பால் இரண்டாவது, அதற்கும் அப்பால் மூன்றாவது, இப்படி நூறாவது மின்விசிறி வரை எண்ணிவிட்டு எண்ணிக்கை தப்பிப்போனவர்களும் உண்டு. திரும்பி வருவதுதான் சுலபம். எவ்வளவு தூரம் போயிருந்தாலும் சரி, உடம்பைத் திருப்பினால் போதும், கதவு அங்கேயே நிற்கும், கைப்பிடி கைக்கு எட்டும்.

அதனால் அவரவர் தைரியத்துக்கு ஏற்றபடி பத்து நிமிஷமோ கால் மணி நேரமோ நடந்துவிட்டு, திரும்பி, வெளியே வந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “சொல்லியாச்சு, பாத்துச் செய்யறேன்னாரு” என்பார்கள். அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை, கேட்டவர்களும் ஒரு காலத்தில் அதையே சொன்னவர்கள்தானே. ஒருமுறை ஏசி மாட்ட வந்த ஆள் டேப் பிடித்து அளந்து, பன்னிரண்டடி மூன்றங்குலம் என்று எழுதிக்கொண்டு போனான். அவன் வெளியாள், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எம்.டி. திருமலைசாமியைக் கெட்டவர் என்று சொன்னால் சொன்னவர் நாக்கு அழுகிப்போகும். அறுநூறு பேர் வேலை செய்கிற கம்பெனியில் ஒவ்வொருவர் வீட்டுப் பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரியும், எந்தக் கல்யாணத்துக்கும் வெள்ளிக் குங்குமச்சிமிழ் இல்லாமல் போக மாட்டார், ஆயுதபூஜைக்குப் பொரிப் பொட்டலத்தோடு அவராகப் பார்த்துப் போட்ட சம்பள உயர்வைக் கவரில் வைத்துத் தன் கையாலேயே கொடுப்பார். சம்பளத்தைப் பற்றி யாரும் தன்னிடம் வந்து கேட்டதில்லை, ஆகவே யாருக்கும் குறை இல்லை என்று அவர் மனதார நம்பினார். அவருடைய நாற்காலியிலிருந்து பார்த்தால் அறை எப்போதும் பன்னிரண்டடிதான். சிலர் கதவைத் திறந்து ஓர் எட்டு வைத்ததும் காணாமல் போவார்கள், கொஞ்ச நேரம் கழித்துக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும், அவர் ஃபைலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். அவர் வந்து போவதற்கு நாற்காலிக்குப் பின்னாலேயே, கார் நிற்கிற பக்கம், தனிக் கதவு இருந்தது.

சம்பளத்தை அந்த அறைக்கு வெளியே பேசக் கூடாது என்பது கம்பெனியின் வழக்கம். போனில் கேட்டால், “நேர்ல வாங்க.” மெயில் போட்டால், “நேர்ல வந்து பேசுங்க.” காரில் ஏறும்போது மடக்கினால், “ரூமுக்கு வாம்மா, பேசலாம்” என்று அன்பாகச் சொல்வார்.

சாந்தாமணி டெஸ்பாட்ச் பிரிவில் பத்தொன்பது வருஷமாகக் கிளார்க். இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு சம்பளம். போன ஐப்பசியில் சர்வீஸ் மேனேஜர் எட்வின் வேறு கம்பெனிக்குப் போனபோது, ஆள் கிடைக்கிற வரைக்கும் சர்வீஸையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்படி எம்.டி. அவளிடம் சொன்னார். ஆறு மாசம் அவள் பார்த்தாள். பார்த்தாள் என்று சொன்னால் போதாது. தாராபுரத்தில் ஒரு டீலர் மோட்டார் ஓடவில்லை என்று போன் பண்ணினால், போனைக் கொஞ்சம் கிணற்றுப் பக்கம் பிடியுங்கள் என்பாள், கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பாள், கரண்டில் ஒரு ஃபேஸ் வரவில்லை என்றோ பேரிங் போய்விட்டது என்றோ சொல்வாள், மெக்கானிக் போய்ப் பிரித்துப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். பங்குனிக்குள் பொள்ளாச்சியிலிருந்து ஓசூர் வரைக்கும் டீலர்கள் அவள் பெயரைச் சொல்லித்தான் போன் பண்ணினார்கள். வேறு ஆள் தேடுவதை எம்.டி. நிறுத்திக்கொண்டார்.

சித்திரை பிறந்ததும் பர்சனல் மேனேஜர் சம்பத் அவளைக் கூப்பிட்டு ஆர்டரைக் கொடுத்தார். சர்வீஸ் மேனேஜர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சம்பளம் என்ற இடத்தில் இருபத்தைந்தாயிரம் என்று இருந்தது. மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும், போட்டுவிட்டால் மூன்று வருஷத்துக்கு அந்தப் பேச்சை எடுக்க முடியாது, அது ரூல், என்று சொல்லிவிட்டு, சம்பத் குரலைத் தாழ்த்தி, “ஏதாச்சும் பேசணும்னா அய்யா ரூமுக்குப் போய்ட்டு வாங்க” என்றார். போய்விட்டு வந்தவர்களைப் பார்த்தவர் என்பதால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நம்பிக்கையும் இல்லை.

எட்வின் அறுபத்து இரண்டாயிரம் வாங்கிக்கொண்டிருந்தார். கடைசி நாளில் கேன்டீனில் வடையைப் பிட்டுக்கொண்டே அவரே சொல்லியிருந்தார். சாந்தாமணி வீட்டுக்குப் போய், ஜாக்கெட் தைக்கிற மெஷின் முன்னால் உட்கார்ந்து, கணக்குப் போட்டாள். தினமும் ஆறரை மணிக்கு அந்த மெஷினில் உட்காருவாள், ஒன்பதரைக்கு எழுந்திருப்பாள், கணவன் நாச்சிமுத்துவின் லேத் பட்டறைக் கூலியும் அவள் சம்பளமும் இந்த ஜாக்கெட்டுகளும் சேர்ந்துதான் அந்த வீடு நின்றது. அவளுக்கு நகை ஆசை இல்லை, கார் ஆசை இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பதினான்கு வருஷமாக ஆசை. எட்வினுக்கு டிகிரி இருந்தது, தனக்கு இல்லை என்று நாலாயிரம் கழித்தாள், அவர் ஆம்பளை, வெளியூர் போவார் என்று இன்னும் மூவாயிரம் கழித்தாள். ஐம்பத்தைந்தாயிரம் என்று முடிவு செய்துகொண்டாள். அந்த ஏழாயிரத்தைக் கழிக்கச் சொல்லி யாரும் அவளிடம் கேட்கவில்லை.

மறுநாள் காலை பத்தரைக்கு, மதியச் சாப்பாட்டோடு ஆர்டரையும் வைத்த வயர் கூடையோடு எம்.டி.யின் கதவைத் திறந்தாள், ஐம்பத்தைந்தாயிரத்தை மனசுக்குள் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். மேஜை போயிற்று. அவளும் போனாள். அரை மணி நேரம் நடந்தபின், பெரியவரின் படம் ஒன்றுக்குக் கீழே சுவரில் சாய்ந்தபடி ஒருவர் துண்டு விரித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மோல்டிங் பிரிவு ராக்கியப்பன். அவர் உள்ளே போனவர் என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டாயிரத்து ஆறில் சாதா மோல்டராக இருந்தவரைப் பிரிவுக்கே மேஸ்திரி ஆக்கினார்கள், சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன் என்று இந்த அறைக்குள் வந்தார், மற்றவர்களைப் போலத் திரும்பிவிட அவருக்கு மனசு வரவில்லை, மேலே நடக்கக் காலும் வரவில்லை, பஸ்ஸில் சீட் பிடிப்பதுபோலத் தோளிலிருந்த துண்டை எடுத்து அந்த இடத்தில் போட்டார். துண்டுக்கு அந்த அறையும் மரியாதை கொடுத்தது. சாயங்காலம் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் காலை வந்து கதவைத் திறந்தால், நேராகத் துண்டுக்கே வந்து சேர்ந்துவிடுவார். பதினெட்டு வருஷமாகக் காலை எட்டுக்கு வந்து ஐந்துக்குப் போகிறார். கேட்டில் அட்டென்டன்ஸ் போடுகிறார்கள். பேச்சுவார்த்தை முடியாத ஆளின் சம்பளத்தைத் தொடக் கூடாது என்று பர்சனல் பிரிவில் சொல்லிவிட்டதால், அவருக்கு இன்றும் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்தான் வருகிறது. மனைவி ராமாத்தாள் சிவானந்தா காலனி முக்கில் இட்லிக்கடை போட்டுக் குடும்பத்தை நடத்துகிறாள்.

“வா அம்மிணி. செத்த உக்காந்துட்டுப் போ” என்றார் ராக்கியப்பன்.

அவள் உட்கார்ந்தாள். இன்னும் எவ்வளவு தூரம் இருக்கும் என்று கேட்டாள். தெரியாது, தான் வந்த நாள் முதலாக மேஜை அதே அளவில்தான் தெரிகிறது, ஒரு தீப்பெட்டி அளவு, என்றார். அவருக்கு வருத்தம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. உள்ளே வெயில் இல்லை, கரிப்புகை இல்லை, மூச்சு நன்றாக வருகிறது என்றார்.

சாந்தாமணி மேலும் ஒரு மணி நேரம் நடந்தாள். நடந்துகொண்டே, எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்தாள். அய்யா தப்பா நினைக்கக் கூடாது என்று ஆரம்பித்தாள், மேஜை ஒரு மின்விசிறி தள்ளிப் போயிற்று. எனக்காகக் கேட்கவில்லை, குடும்பத்துக்காக என்று மாற்றினாள், இன்னும் ஒன்று தள்ளிப் போயிற்று. தொகை அதிகமோ என்று பயம் வந்து ஐம்பது என்று குறைத்துப் பார்த்தாள், மேஜை கண்ணுக்கே தெரியவில்லை. பதறிப்போய் மறுபடி ஐம்பத்தைந்து என்றாள். தீப்பெட்டி திரும்பி வந்தது, ஆனால் கிட்டத்தில் வரவில்லை. அப்போது அவளுக்கு ஒன்று புரிந்தது. நடந்து இந்த மேஜையைப் பிடிக்க முடியாது. வயர் கூடையைக் கம்பளத்தில் வைத்து இடம் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த இடத்தில் செல்போன் நன்றாக எடுத்தது. டெஸ்பாட்ச் வேலையை அவள் அங்கிருந்தே பார்த்தாள், எந்த லாரி எப்போது போகிறது, எந்தச் சலானில் எத்தனை பெட்டி என்று பிசகாமல் சொன்னாள், ஏனென்றால் அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். சர்வீஸுக்கு டீலர்கள் போன் பண்ணினால் மட்டும், “சர்வீஸ் மேனேஜர் இன்னும் வந்து சேரலீங்க” என்றாள்.

தாராபுரம் டீலர் அவள் குரலைத் தெரிந்தவர். மேனேஜர் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார்.

“எம்.டி. ரூம்லதானுங்க. நடந்துட்டிருக்காங்க.”

 அவர், தண்ணீர் கையில் வைத்திருக்கிறார்களா என்று விசாரித்தார், நல்லபடியாக வந்து சேரட்டும், மோட்டார் காத்திருக்கும் என்றார். இரண்டு நாளில் எல்லா ஊர் டீலர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. காலையில் போன் பண்ணி, மேனேஜர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று ரயிலை விசாரிப்பதுபோல விசாரித்தார்கள்.

கம்பெனிக்குள் முதலில் சிக்கல் வந்தது பாப்பாத்திக்குத்தான். பதினொன்றுக்கும் மூன்றுக்கும் அவரவர் இடத்துக்கே டீ கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை, சாந்தாமணியின் இடம் இப்போது எம்.டி. அறைக்குள் இருக்கிறது. கதவைத் திறந்தாள், ஐந்து எட்டு நடந்தாள், எம்.டி.யின் மேஜையில் முட்டிக்கொண்டாள். மூன்று முறை இப்படி ஆயிற்று. நாலாம் முறை வாசலில் நின்று யோசித்தாள். எட்டு வருஷமாக ஒன்பதாயிரம் வாங்குகிறாள். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு டம்ளர், மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. பதினாலாயிரம் என்று நினைத்தாள். நினைத்ததும் காது சூடாகிவிட்டது, யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தாள், கதவைத் திறந்தாள், கம்பளம் நீண்டு கிடந்தது.

சாந்தாமணியிடம் வந்து சேர்வதற்குள் டீ ஆறிவிட்டது. மறுநாள் ஃப்ளாஸ்க்கில் கொண்டுவந்தாள். அதற்கு மறுநாள் ராக்கியப்பனுக்குப் பக்கத்தில் தன் துண்டையும் போட்டு, ஒரு ஸ்டூல், பிஸ்கட் டப்பா, இரண்டு ஃப்ளாஸ்க் என்று கடையே பரப்பிவிட்டாள்.

பிறகு டெஸ்பாட்சில் சலானுக்குக் கையெழுத்து வேண்டியவர்கள் வந்தாக வேண்டியிருந்தது, அவர்கள் ஒவ்வொருவரும் வாசலில் நின்று தங்களுக்கென்று ஒரு தொகையை நினைக்க வேண்டியிருந்தது, இது அவ்வளவு சுலபமாக இல்லை. மெஷின் ஷாப் சிவக்கொழுந்து இரண்டு நாள் யோசித்து முப்பதாயிரம் என்று நினைத்துக் கதவைத் திறந்தான், மேஜைதான் இருந்தது, பிறகுதான் அது தன் மச்சான் வாங்குகிற சம்பளம் என்பது அவனுக்கு உறைத்தது. சிலர் பெரிய தொகையாக நினைத்தார்கள், அறை நீளவில்லை, ஏனென்றால் அதைத் தங்கள் வாயால் சொல்ல மாட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியும். தன் வேலையை உட்கார்ந்து பார்த்து, அதில் எது தன்னால் மட்டும் நடக்கிறது என்று பார்த்து, அதன்பின் வருகிற தொகைக்குத்தான் அறை நீண்டது. கேன்டீனில் சாப்பிடும்போது மனிதர்கள் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தார்கள். வீடுகளில் மனைவிமார் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். தொகையைக் கண்டுபிடித்தவர்கள் உள்ளே வந்து சலானில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், ஆனால் திரும்பிப் போகும்போது ஏனோ மனசில்லாமல் ஒரு துண்டையோ கர்ச்சீப்பையோ குடையையோ வைத்து இடம் பிடித்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரத்தில் கம்பளத்தின் ஓரமெல்லாம் துண்டுகள். வேலை எதுவும் நிற்கவில்லை, ஃபவுண்டரி ஓடியது, லாரி போயிற்று. இடைவேளையில் வெளியே மரத்தடிக்குப் போகிறவர்கள் இப்போது உள்ளே வந்து தங்கள் துண்டில் உட்கார்ந்தார்கள்.

சம்பத் ஆர்டரில் கையெழுத்து வாங்க வந்தார். ஐந்து முறை எம்.டி.யின் மேஜையில் முட்டிக்கொண்டு, ஒன்றுமில்லை சார் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். ஆறாவது முறை மத்தியானம் உள்ளே போனவர் சாயங்காலம்தான் வெளியே வந்தார்.  மறுநாள் அவர் கையிலும் ஒரு துண்டு இருந்தது.

இத்தனைக்கும் நடுவில் சாந்தாமணிக்கு ஒரு கோபம் வந்தது. ஒன்பதாவது நாள் காலை, உடுமலை டீலர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் மோட்டார் இரைவது கேட்டது, கேட்ட மாத்திரத்தில் கெபாசிட்டர் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. எட்வின் இருந்தால் ஆள் அனுப்பி, பிரித்து, இரண்டு நாள் கழித்துச் சொல்லியிருப்பார். அப்படியென்றால் அந்த ஏழாயிரத்தை எதற்குக் கழித்தோம் என்று நினைத்தாள். யார் கேட்டார்கள் என்று நினைத்தாள். தன் மேலேயே அவளுக்கு வந்த கோபத்தில் கண்ணில் நீர் முட்டியது. “அறுபத்து ரெண்டு” என்று வாய்விட்டே சொன்னாள். மேஜை ஒரு மின்விசிறி கிட்டே வந்தது. ஒன்றே ஒன்றுதான். அவள் எழுந்து போகவில்லை. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வரட்டும் என்று உட்கார்ந்தே இருந்தாள்.

சித்திரை வெயில் ஏறிவிட்டது. கிணறுகளில் மோட்டார்கள் எரிந்தன. நாற்பத்திரண்டு கம்ப்ளெயின்ட் சேர்ந்தது, வெயிலில் தென்னை காய்கிறது என்று விவசாயிகள் டீலர் கடை வாசலில் வந்து உட்கார்ந்தார்கள், மேனேஜர் நடந்துவந்து சேர்வதற்குள் தான் வேறு கம்பெனி மோட்டாருக்கு மாறவேண்டி வரும்போலிருக்கிறது என்று உடுமலை டீலர் எம்.டி.க்கே வருத்தத்தோடு சொல்லிவிட்டார். எம்.டி. பெல்லை அடித்தார். யாரும் வரவில்லை. சாந்தாமணியை வரச் சொல் என்று போனில் சொன்னார், அவங்க உங்க ரூம்லதானே சார் இருக்காங்க என்று பதில் வந்தது. எதிரே பன்னிரண்டடிக் கம்பளம் காலியாகக் கிடந்தது.

அவர் தன் தனிக் கதவு வழியாக வெளியே போய், கட்டடத்தைச் சுற்றி நடந்து, படியேறி, முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் தன் அறையின் முன்கதவில் வந்து நின்றார். திறந்தார். நாலு எட்டில் தன் மேஜைக்கே வந்துவிட்டார். மறுபடி சுற்றிக்கொண்டு போனார். நாலாவது தடவைக்கு வாசலில் நின்று, சரி, முப்பது கொடுக்கலாம் என்று மனசுக்குள் சொன்னார். கம்பளம் நீண்டது. அவர் நடந்தார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் ஒருவரும் தென்படவில்லை. நாற்பது என்று நினைத்தார், அப்போது தூரத்தில் துண்டுகள் தெரிந்தன. ஷூ கடித்தது, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

துண்டுகளுக்கு நடுவே ராக்கியப்பன் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். எம்.டி.க்கு அவரைத் தெரிந்தது, மகன் பெயர் கவியரசு என்பதும் நினைவு வந்தது. எத்தனை நாளாக இங்கே இருக்கிறாய் என்று கேட்டார்.

“பதினெட்டு வருஷமுங்கய்யா.”

எம்.டி. கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டார். பாப்பாத்தி ஃப்ளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, திரும்பினால் கதவு கையெட்டும் தூரத்தில் இருக்கும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது, ஒரு கணம் தோளும் கொஞ்சம் திரும்பியது. ஆனால் எழுந்து முன்னால்தான் நடந்தார். ஐம்பது என்றார். ஐம்பத்தைந்து என்றார். அறுபதுக்கு வந்தபோது சாந்தாமணியின் வயர் கூடை அவர் காலில் தட்டியது.

அவள் எழுந்து நின்றாள்.

“அறுபது போட்டுக்கலாம் சாந்தா” என்றார் எம்.டி., மூச்சு வாங்கியபடி.

“அறுபத்து ரெண்டுங்கய்யா.”

“எட்வின் டிகிரி படிச்சவன்மா.”

“அவருக்கு சத்தம் கேட்டுச் சொல்லத் தெரியாதுங்கய்யா.”

 அவளுக்கு, தப்பா நினைக்காதீங்க என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டாள். மின்விசிறிகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. எம்.டி. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஆர்டரைக் கொடு என்று கையை நீட்டினார். இருபத்தைந்தாயிரத்தை அடித்துவிட்டு அறுபத்து இரண்டாயிரம் என்று எழுதினார்.

“போன ஆறு மாசத்துக்குமுங்கய்யா” என்றாள் சாந்தாமணி. அதைச் சொல்ல வேண்டுமென்று அவள் நினைத்துக்கூட வைத்திருக்கவில்லை.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதையும் எழுதினார், கையெழுத்துப் போட்டார், அவளும் போட்டாள்.

உடனே அறை சுருங்க ஆரம்பித்தது. சத்தம் ஒன்றும் இல்லை. கடைசி மின்விசிறி அதற்கு முந்தினதோடு சேர்ந்தது, பெரியவரின் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே படமாயின, கம்பளம் தன்னைத் தானே இழுத்துக்கொண்டது, கம்பளத்தோடு துண்டுகளும் துண்டில் உட்கார்ந்திருந்தவர்களும் வந்தார்கள், பன்னிரண்டடி மூன்றங்குல அறையில் இருபத்து மூன்று பேர் தோளோடு தோள் இடித்தபடி நின்றார்கள், பாப்பாத்தியின் ஃப்ளாஸ்க் எம்.டி.யின் மேஜைமேல் இருந்தது. அவர் தன் நாற்காலிக்குப் போக வழியில்லாமல் எல்லாரோடும் சேர்ந்து நின்றார். யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஆனால் இவ்வளவு கிட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்துப் பழக்கம் இல்லாததால் எல்லாரும் சும்மா நின்றார்கள்.

ராக்கியப்பன்தான் அவருக்கு மிகவும் அருகில் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பிசகிவிடுமோ என்கிற பயத்தில் மெதுவாகச் சொன்னார்.

“மூவாயிரத்து எண்ணூறுங்கய்யா.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பாப்பாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எம்.டி.யின் தலை சரி என்று அசையப் போனது, யாராக இருந்தாலும் அந்தத் தொகைக்கு உடனே தலையசைத்திருப்பார்கள்.

“இருங்கய்யா” என்றாள் சாந்தாமணி. அழுகையை அடக்கிக்கொண்டு ராக்கியப்பன் பக்கம் திரும்பினாள். “அது ரெண்டாயிரத்து ஆறுல யோசிச்சதுங்ணா. இப்ப மறுபடியும் யோசிங்க. அவசரமில்ல, நாங்கெல்லாம் நிக்கறோம்.”

ராக்கியப்பன் சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் எதையோ எண்ணின, பாதியில் நின்றன, மறுபடி முதலிலிருந்து எண்ணின. மேஜை நகரவில்லை. எம்.டி. கையில் ஷூவோடு காத்திருந்தார். வெகு நேரத்துக்குப் பிறகு ராக்கியப்பன் கண்ணைத் திறந்து, எம்.டி.யைப் பார்க்காமல் சாந்தாமணியைப் பார்த்து, சின்னக் குரலில் ஒரு சந்தேகம் கேட்டார்.

“இங்க உக்காந்திருந்த பதினெட்டு வருசத்தையும் சேத்திக்கலாமா அம்மிணி?”

“சேத்திக்கங்ணா” என்றாள் சாந்தாமணி.